இரைச்சலை வென்ற வரலாறு



ஐப்பசி மாதத்து மாலை வேளையொன்றை நினைத்துக் கொள்ளுங்கள். வானம் இருண்டிருக்கின்றது. மழை இன்னும் தொடங்கவில்லை. வீட்டின் முன்விறாந்தையிலே தந்தையார் மத்திய அலை வானொலிப் பெட்டியருகில் அமர்ந்து செய்தி கேட்கின்றார். தொலைவில் ஒரு மின்னல் வெட்டுகின்றது. இடியோசை இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் மின்னல் வெட்டிய அதே கணத்தில் வானொலிப் பெட்டி 'கரகர' என்று ஓலமிடுகின்றது. செய்தியில் முக்கியமான ஒரு சொல் அந்த இரைச்சலுள் அமிழ்ந்து போய்விடுகின்றது. "என்ன சொன்னான்?" என்று தந்தையார் கேட்க, வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியாது.

எங்கள் தலைமுறையினர் யாவரும் அறிந்த காட்சி இது. அந்தக் 'கரகர'வுக்குப் பின்னால் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றைப் படிக்குமாறு என்னைத் தூண்டியது என் சொந்த அனுபவம் ஒன்று. அதை முதலிற் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலே ஓர் அறையை ஒலிப்பதிவு அறையாக்கினேன். கணினி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் இருந்தால் எவரும் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யக்கூடிய காலம் இது. மாணவர்களுக்குப் பாடங்களைப் பதிவு செய்து கொடுப்பது ஒரு நோக்கம். எங்கள் கிழக்கிலங்கை ஊரின் முதியோர் நினைவில் மட்டுமே வாழும் தாலாட்டுகளையும் ஊஞ்சற் பாடல்களையும் பதிந்து வைப்பது மற்றொரு நோக்கம். முதலில் என் தாயாரின் தமக்கையாரை, எண்பது வயது கடந்த பெரியம்மாவை, அழைத்து வந்து அமர்த்தினேன். அவர் ஒரு மணி நேரம் பாடினார். இடையிலே, "இன்னொருக்காப் படிக்கட்டா மனே?" என்று கேட்டார். களைத்திருப்பார் என்றெண்ணி, "போதும் பெரியம்மா, நல்லாய் வந்திருக்கு" என்றேன்.

நான் பதிவைக் கேட்டுப் பார்த்தது அவர் வீடு சென்ற பின்னரே. குரலுக்கு அடியிலே வண்டு முரல்வது போன்ற 'உம்' என்னும் ஓசை தொடக்கம் முதல் முடிவு வரை விடாது ஒலித்தது. போதாக்குறைக்கு, ஆங்காங்கே 'படீர், படீர்' என்று சிறு வெடிப்புகள். கச்சான் காற்று வீசி மண்ணும் மரமும் வறண்டு கிடந்த காலம் அது. பிழையைத் திருத்திக்கொண்டு மறுபடி அழைத்து வரலாம் என்றிருந்தேன். பிழை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் சென்றன. அதற்குள் பெரியம்மா காலமாகிவிட்டார்.

கலைப்பட்டதாரியாகிய நான் மின்னியலின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். என் அறையில் நிகழ்ந்த ஒவ்வொரு குற்றத்துக்கும் விடையை முன்னோர் எப்போதோ கண்டு வைத்திருந்தனர் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

கிறித்துவுக்கு முன் 600ஆம் ஆண்டளவில் வாழ்ந்த மிலீற்றஸ் நகரத்துத் தேலீசு என்னும் அறிஞர், அம்பரைத் தேய்த்தால் அது இலேசான பொருள்களைத் தன்பால் இழுக்கும் என்பதை அறிந்திருந்தார் என்று பழைய நூலாசிரியர் கூறுவர். அம்பர் என்பது பன்னெடுங்காலம் மண்ணுட் கிடந்து இறுகிய மரப்பிசின். கிரேக்கர் அதனை 'எலெக்ற்றோன்' என்றனர். 1600ஆம் ஆண்டில், எலிசபெத்து மகாராணியாரின் மருத்துவரான வில்லியம் கில்பேட் காந்தம் பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூலிலே, கண்ணாடி, கந்தகம் முதலிய வேறு பல பொருள்களும் அவ்வாறே இழுக்கும் என்று காட்டி, அவற்றுக்கு அம்பரின் பெயரையே அடியாகக் கொண்டு பெயரிட்டார். ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்தைக் குறிக்கும் சொல் பிறந்த கதை இதுவே. தேய்ப்பதால் ஒரு பொருளின் மேல் தேங்கி நிற்கும் இம்மின்னேற்றத்தையே நாம் நிலைமின் என்கின்றோம்.

தேங்கி நிற்பது ஏன் ஓடுவதில்லை? எப்போது ஓடும்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஸ்ரீபன் கிறே என்னும் ஆங்கிலேயர். அவர் சாயத் தொழில் செய்தவர். முதுமையில் இலண்டனில் ஓர் அறநிலையத்தின் ஆதரவில் வாழ்ந்தவர். 1729ஆம் ஆண்டில் அவரும் அவர் நண்பர் வீலரும், தேய்த்த கண்ணாடிக் குழாயின் மின்னேற்றத்தை நீண்ட சணற்கயிற்றின் வழியே செலுத்திப் பார்த்தனர். கயிற்றை இடையிடையே மெல்லிய பட்டு நூலினால் தாங்கியிருந்தனர். பாரம் தாங்காது பட்டு நூல் அறுந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். கயிறு தாங்கியது, ஆனால் மின்னேற்றம் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. கம்பி வழியே அது கட்டடத்துக்குள் இறங்கி மறைந்துவிட்டது. நூல் மெல்லியதா தடித்ததா என்பதன்று காரியம், அது எப்பொருளாலானது என்பதே காரியம் என்று அவர்கள் உணர்ந்தனர். கடத்தி என்றும் காவலி என்றும் இன்று பாடசாலைப் பிள்ளைகள் படிக்கும் பாகுபாடு அறுந்துபோன அப்பட்டு நூலிலிருந்து பிறந்தது.

நேயர்களே, என் ஒலிப்பதிவில் எழுந்த 'படீர்' ஓசையின் காரணமும் இதுவே. அறையின் எதிரொலியை அடக்கவென்று நைலோன் விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்திருந்தேன். அதன்மேல் பிளாஸ்ரிக் நாற்காலி. இரண்டும் நல்ல காவலிகள். பெரியம்மா அசையும்போதும் நான் நடக்கும்போதும் உராய்வினால் மின்னேற்றம் உடலிலே தேங்கிற்று. போக வழியின்றித் தேங்கியது, கை ஒலிவாங்கியின் தண்டைத் தொட்டபோதெல்லாம் சிறு பொறியாகப் பாய்ந்தது. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரம் பொருள்களின் மேற்பரப்பிற் படிந்து மின்னேற்றத்தை மெல்ல மெல்லக் கசியவிடும். கச்சான் வீசும் வறண்ட நாட்களிலும், குளிரூட்டிய அறைகளிலும் அவ்வழி அடைபட்டுவிடும். விரிப்பை நீக்கிப் பருத்திப் பாய் விரித்தேன், மரநாற்காலி இட்டேன், அறையிலே ஈரத்துணி ஒன்றைத் தொங்கவிட்டேன். பதிவு தொடங்குமுன் புவியுடன் இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு அமர்வதை வழக்கமாக்கினேன். வெடிப்புகள் நின்றன. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆயினும் 'உம்' என்னும் முரலல் நிற்கவில்லை. அது நிலைமின்னன்று, நம் வீட்டுச் சுவரினுள் ஓடும் ஆடலோட்டத்தின் ஓசை. இலங்கையில் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைகின்றது. அவ்வலைவு, கம்பியைச் சுற்றிலும் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் பரப்பிக்கொண்டேயிருக்கும். ஒலிவாங்கியிலிருந்து வரும் குறிப்போ மிக நலிந்தது. ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்களவேயிருக்கும். அதனைப் பலநூறு மடங்கு பெருக்கும்போது, அதனுடன் ஒட்டிவந்த அயல் ஓசையும் அதேயளவு பெருகிவிடுகின்றது.

இதனைத் தடுக்கும் முதலாவது அரணைக் கட்டியவர் மைக்கேல் பரடே. 1836ஆம் ஆண்டு இலண்டன் றோயல் நிறுவகத்தில் 12 அடி நீள அகல உயரமுள்ள அறையொன்றை மரச்சட்டத்தால் அமைத்து, அதனைச் செப்புக் கம்பியாலும் வெள்ளீயத்தாளாலும் பொதிந்தார். பெரிய மின்பொறியொன்றினால் அவ்வறைக்கு வெளியே மின்னேற்றமூட்டச் செய்தார். புறத்திலே தீப்பொறிகள் பறந்தன. பரடே உள்ளே சென்று தங்கி, எரியும் மெழுகுதிரியையும் நுண்ணிய மின்காட்டிகளையும் கொண்டு சோதித்தார். உள்ளே மின்னின் அடையாளம் சிறிதுமில்லை. கடத்தியால் சூழப்பட்ட இடத்தினுள் வெளி மின்னேற்றத்தின் வலிமை புகாது என்ற உண்மை நிலைநாட்டப்பட்டது. இன்று ஒலிவாங்கி வடத்தை வெட்டிப் பார்த்தால், நடுக்கம்பிகளைச் சுற்றிச் செப்பிழைகளால் பின்னிய ஓர் உறையைக் காண்பீர்கள். விரலளவு தடிப்புமில்லாத அவ்வுறை, பரடேயின் 12 அடி அறையின் வழித்தோன்றலே.

எனினும் காந்தப்புலத்தின் மெதுவான அலைவை மெல்லிய செப்புறை முற்றாகத் தடுத்துவிடாது. அதற்கு வேறோர் உபாயம் வேண்டும். அதனைத் தொலைபேசியின் வரலாறு தந்தது.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆரம்பத் தொலைபேசிகள் தந்தி முறையைப் பின்பற்றி ஒற்றைக் கம்பியில் இயங்கின. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாகப் புவியையே பயன்படுத்தினர். அருகிலோடிய தந்திக் கம்பிகளின் தட்டொலிகளெல்லாம் தொலைபேசியிற் கேட்டன. பின்னர் நகரங்களில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது பேச்சே கேளாதவாறு இரைச்சல் மிகுந்தது. 1881ஆம் ஆண்டு பெல் மற்றொரு காப்புரிமை பெற்றார். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டு செல்வது அதன் சாரம். முறுக்கிய இரு கம்பிகளும் அயல் இரைச்சலைச் சமமாகவே பெறும். பேச்சோ ஒன்றிலே போய் மற்றையதிலே திரும்பும். மறுமுனையில் இரு கம்பிகளுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக் கொண்டால், இருவர்க்கும் பொதுவான இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைய, பேச்சு மட்டும் எஞ்சும். கணக்கிலே சமமான இரு எண்களைக் கழித்தால் மிச்சம் சுழியமாவது போன்றதே இது.

என் ஒலிவாங்கியை இணைத்திருந்த மலிவான வடத்தில் ஒரு கம்பியும் உறையும் மாத்திரமே இருந்தன. அதனை நீக்கி, முறுக்கிய இரு கம்பிகளும் உறையும் கொண்ட மூன்றுமுனை வடத்தை இட்டேன். ஒலிவாங்கி வடத்தை மின்வடத்துடன் பக்கம் பக்கமாக ஓடவிடாது, குறுக்கே வெட்டிச் செல்லும்படி மாற்றினேன். மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் இலத்திரனியற் கருவியைப் பதிவு வேளையில் அணைத்து வைத்தேன். கைத்தொலைபேசியை அடுத்த அறைக்கு அனுப்பினேன். முரலலில் பெரும்பகுதி போயிற்று.

எஞ்சியதன் காரணம் புவித்தொடுப்பு. கணினி ஒரு செருகியிலும் ஒலிபெருக்கி மற்றோர் அறையின் செருகியிலும் புவியுடன் இணைந்திருந்தன. இரண்டு கருவிகளும் வடத்தின் உறையாலும் இணைந்திருந்ததால் ஒரு பெரிய வளையம் உண்டாயிற்று. அவ்வளையத்துள் வீட்டு மின்சாரத்தின் புலம் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அது முரலலாகக் கேட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே செருகிப் பலகையில் இணைத்தவுடன் அது அடங்கிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. முரலலைப் போக்கச் சிலர் செருகியின் மூன்றாம் முனையாகிய புவி முனையை வெட்டிவிடுவதுண்டு. இரைச்சல் நிற்கலாம், ஆனால் கருவியிற் பழுது ஏற்படும் நாளில், ஒலிவாங்கியைப் பிடித்தவரின் உயிரும் நின்றுவிடலாம். அதனை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வீட்டு அறையை விட்டு இனி வானத்துக்குச் செல்வோம். ஏனெனில் மின்னலின் 'கரகர' இன்னும் மீதியிருக்கின்றது.

மின்னலும் தேய்த்த அம்பரின் பொறியும் ஒரே தன்மையன என்பது 1752ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலும் அமெரிக்காவிலும், பெஞ்சமின் பிராங்கிளினின் கருத்தையொட்டிய சோதனைகளால் உறுதியாயிற்று. 1895ஆம் ஆண்டு உருசிய நாட்டு அலெக்சாந்தர் பொப்போவ், தொலைவிலுள்ள மின்னல் எழுப்பும் அலைகளை உணரும் கருவியொன்றைச் சென் பீற்றர்ஸ்பேக் நகரில் காட்டினார். வானொலிக்குப் பகையான மின்னலே இவ்வாறு வானொலி வாங்கிகளின் முன்னோடி ஒன்றுக்குச் செய்தி அனுப்பியது. 1901 டிசெம்பர் 12இல் மார்க்கோனி நியூபவுண்லாந்தின் சிக்னல் குன்றிலே, பட்டத்தில் ஏற்றிய கம்பியுடன் செவிக்குழாயை வைத்துக் கொண்டு, அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். அவர் கேட்டது குறிப்பா, வளிமண்டல இரைச்சலா என்று ஐயுற்றோர் அன்றும் இருந்தனர்; பின்னரும் இருந்தனர். குறிப்பையும் இரைச்சலையும் பிரித்தறிவது அத்துணை அரிதாயிருந்தது.

எங்கள் நாட்டில் தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பரின் முயற்சியால் 1925 டிசெம்பர் 16இல் கொழும்பிலிருந்து ஒலிபரப்புத் தொடங்கியது. வெப்பமண்டல நாடாகிய இங்கே, பருவக் காற்று மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. ஒவ்வொரு மின்னலும் ஒரு பெரும் வானொலி நிலையம் போல எல்லா அலைகளிலும் தன் ஓசையைக் கொட்டும். பழைய ஒலிபரப்பு முறையில் குரலின் ஏற்றத்தாழ்வு அலையின் வீச்சத்திலே, அதாவது அதன் உயரத்திலே, பதியப்படும். மின்னல் தாக்குவதும் அவ்வீச்சத்தையே. ஆகவே இரண்டையும் பிரிக்க வழியில்லாதிருந்தது.

இவ்விடத்திலேதான் அமெரிக்கராகிய எட்வின் ஆம்ஸ்ரோங் வருகின்றார். குரலை வீச்சத்தில் வையாது, அலையின் மீடிறனில், அதாவது செக்கனுக்கு அது அலையும் தொகையில், வைத்தாலென்ன என்று அவர் ஆராய்ந்தார். அதனாற் பயனில்லை என்று 1922ஆம் ஆண்டிலேயே ஜோன் கார்சன் என்னும் கணித வல்லுநர் எழுதியிருந்தார். இரைச்சலைக் குறைக்க அலைவரிசையைக் குறுக்க வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. ஆம்ஸ்ரோங் மாறாக அதனை அகலப்படுத்தினார். 1933 டிசெம்பரில் காப்புரிமை பெற்றார். 1935 நவம்பரில் நியூயோக்கில் பொறியியலாளர் அவையின் முன்னே, கிண்ணத்தில் நீர் வார்க்கும் ஓசையையும் காகிதத்தைக் கசக்கும் ஓசையையும் வானொலியிற் கேட்கச் செய்தார். அத்தகைய மெல்லோசைகள் இரைச்சலின்றி வானொலியில் வந்ததை அவையோர் அதுவரை கேட்டதில்லை. ஆனால் கண்டுபிடிப்பாளருக்கு அது நலந்தரவில்லை. நெடிய காப்புரிமை வழக்குகளால் பொருளும் மனமும் நொந்து 1954 சனவரி 31இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவியார் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, 1967ஆம் ஆண்டில் இறுதி வழக்கையும் வென்றார். இன்று பண்பலை என்று நாம் கேட்பது அவர் முறையே.

இரைச்சல் முழுவதையும் ஒழித்துவிடலாமோ என்றால், அதற்கும் ஓர் எல்லையுண்டு. 1928ஆம் ஆண்டில் ஜோன்சன், நைகுயிஸ்ற் என்னும் இருவர், சூடுள்ள எந்தத் தடைப்பொருளிலும் இலத்திரன்களின் ஓயாத அசைவினால் மெல்லிய இரைச்சல் இருந்தே தீரும் என்று காட்டினர். சிறந்த ஒலிப்பதிவிலும் அடியிலே கேட்கும் மெல்லிய 'சீ' ஒலியில் ஒரு பங்கு அதுவே.

இன்னும் ஒரு வியப்பு. அதே ஆண்டில் கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளைஞர் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அத்திலாந்திக் கடல் கடந்த வானொலித் தொலைபேசிக்கு இடையூறான இரைச்சல் எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்வது அவர் பணி. ஏறக்குறைய 30 மீற்றர் நீளமான அலைவாங்கியொன்றை மோட்டார்க் காரின் சக்கரங்களின் மேலேற்றி, 20 நிமிடத்துக்கு ஒரு முறை சுழலவிட்டார். இரைச்சலில் மூவகை கண்டார்: அண்மை இடிமின்னல், தொலை இடிமின்னல், காரணம் தெரியாத ஓயாத மெல்லோசை. அம்மூன்றாவது, 24 மணிக்கு நான்கு நிமிடம் குறைவாக நாள்தோறும் மீண்டும் உச்சமடைந்தது. சூரியனுக்குரிய நாளன்று அது, விண்மீன்களுக்குரிய நாள். அவ்வோசை பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து, தனுசு இராசித் திசையிலிருந்து, வருகின்றது என்று 1933ஆம் ஆண்டில் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் புதிய துறை பிறந்தது. 1964ஆம் ஆண்டில் பென்சியாசும் வில்சனும் தம் அலைவாங்கியில் நீங்காத இரைச்சலொன்றைக் கண்டு, அதனுட் கூடு கட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தையும் துடைத்துப் பார்த்தனர். இரைச்சல் நீங்கவில்லை. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சம் என்று தெரிய வந்தது. 1978ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, நேயர்களே, இரைச்சலில் நீக்க வேண்டியதும் உண்டு. ஆராய வேண்டியதும் உண்டு. எது எதுவென்று அறிவதற்கு முதலில் அதனைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

பெரியம்மாவின் பதிவைக் கணினியிலே துப்புரவாக்கித் தருவதாக ஒரு மாணவன் முன்வந்தான். முரலல் குறைந்தது. ஆனால் அவருடைய குரலின் அடிப்பகுதியும், பாட்டின் இடையே அவர் மூச்சு வாங்கும் ஓசையும் அதனுடன் சேர்ந்து மெலிந்துவிட்டன. ஆகவே துப்புரவாக்கிய பதிவைப் பாடசாலைக்குக் கொடுத்தேன். முரலலோடு கூடிய மூலப் பதிவைத் தொடாது வைத்திருக்கின்றேன். நாளை இதனினும் நல்ல வழி பிறக்கலாம். மூலம் அழிந்துவிட்டால் எந்த வழியும் பயன்படாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டனார், ஒரு பெரியம்மா இருக்கக்கூடும். அவர்களின் குரலைப் பதிய விரும்பினால், அவர்களை அமர்த்துவதற்கு முன் வெற்று அறையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். செவிக்குழாயை அணிந்து, அதனை இறுதிவரை கேளுங்கள். ஏதேனும் முரன்றால், விரிப்பு, வடம், செருகி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதன்பின் அவர்களை அழையுங்கள். "இன்னொருக்காப் படிக்கட்டா?" என்று அவர்கள் கேட்டால், போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.